நார்வேயுடன் பற்றாக்குறை, சுவிட்சர்லாந்துடன் உபரி: எப்படி ஒப்பிடுவது?

"2022-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு நார்வேயுடன் பெரிய வர்த்தகப் பற்றாக்குறை, சுவிட்சர்லாந்துடன் நல்ல உபரி. அப்படியானால் ஒரு பக்கம் நஷ்டம், இன்னொரு பக்கம் லாபம் என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா?" என்று முதுகலை மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

எழுதாதீர்கள். அந்த இரண்டு எண்களும் சரிதான், ஆனால் அவை ஒரே விஷயத்தை அளக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் அட்டவணையில் நார்வேயைத் திறந்து, சுங்கக் குறியீட்டின் அத்தியாயம் 27-ஐ, அதாவது எண்ணெய், எரிவாயு, மின்சாரம் எல்லாம் அடங்கிய பகுதியை, ஒருமுறை கழித்துப் பாருங்கள். பற்றாக்குறை காணாமல் போய் ஒன்றியத்துக்கு உபரி வந்து நிற்கும். ஏனென்றால் காரும் இயந்திரமும் மருந்தும் நார்வே வாங்குகிறது. அங்கிருந்து எரிபொருள் தவிர வருவதில் முக்கியமானவை மீனும் அலுமினியமும்தான். 2022-ல் நடந்தது என்னவென்றால், ரஷ்யா குழாய் எரிவாயுவைக் குறைத்ததும் விலை தாறுமாறாக ஏறியது. முந்தைய பத்தாண்டில் பெரும்பாலும் 30 யூரோவுக்குக் கீழே இருந்த ஒரு மெகாவாட் மணி எரிவாயு, அந்த ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. நார்வே அனுப்பிய அளவு கொஞ்சம்தான் கூடியது; பற்றாக்குறையை ஊதிப் பெருக்கியது விலை. அதனால் யூரோ மதிப்போடு, அளவு காட்டும் நெடுவரிசையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

சுவிஸ் கணக்கில் சிக்கல் வேறு. அங்கே அத்தியாயம் 30, அதாவது மருந்து, இரண்டு திசையிலும் ஓடுகிறது. அப்புறம் அத்தியாயம் 71-ல் தங்கம். உலகத் தங்கத்தில் பெரும் பங்கு சுவிஸ் ஆலைகளில் சுத்திகரிக்கப்படுவதால், கட்டிகள் எல்லை தாண்டிப் போய் வருவதே ஒரு மாதக் கணக்கைப் புரட்டிவிடும். சுவிஸ் சுங்கத்துறையே தங்கம் சேர்த்து ஒரு மொத்தம், சேர்க்காமல் ஒரு மொத்தம் என்று இரண்டு எண் வெளியிடுகிறது. எதை எடுத்தீர்கள் என்று கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும். சுவிஸ் சுங்கத்துறையின் அந்த எண்ணில் பக்கத்துக் குட்டி நாடான லீக்டென்ஸ்டைனும் சேர்ந்திருக்கிறது, இரண்டுக்கும் ஒரே சுங்க எல்லை என்பதால்.

நீண்ட காலத் தொடர் எடுப்பதானால் 27 நாடுகளின் தொடரையே முழுவதும் பயன்படுத்துங்கள். பழைய 28 நாட்டுத் தொடரில், 2020-ல் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் இருக்கிறது. நார்வேயிலிருந்து லாங்கலெட் குழாய் வழியாக நேரே இங்கிலாந்துக்குப் போகும் எரிவாயு அதில் ஒன்றியத்தின் இறக்குமதியாகப் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒட்டவைத்தால் 2020-ல் ஏதோ பெரிய மாற்றம் நடந்தது போலத் தோன்றும்.

சரி, நஷ்டமா லாபமா என்ற கேள்வி. ஜெர்மன் ரசாயன ஆலைகள் எரிவாயுவை எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்துகின்றன, அந்த ஆலைகளின் சரக்குதான் சுவிஸுக்கும் போகிறது. ஒரு நாட்டுடன் வரும் பற்றாக்குறை இன்னொரு நாட்டுடன் வரும் உபரிக்கு உள்ளீடாக இருக்கும்போது, இரண்டையும் தனித்தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏற்றுமதியை இறக்குமதியால் வகுத்து வரும் விகிதத்தைப் பத்தாண்டுக்கு வரைந்து காட்டுங்கள், எரிபொருளோடு ஒரு கோடு, இல்லாமல் ஒரு கோடு.

சேவை வர்த்தகம் இந்தச் சுங்க அட்டவணையில் வராது. அதற்குச் செலுத்துநிலைக் கணக்கை, அதாவது வெளிநாடுகளுடனான எல்லா வரவு செலவையும் காட்டும் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், சுவிஸுடன் அதிலும் ஒன்றியத்துக்கு உபரிதான். தினமும் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் சுமார் 4 லட்சம் பேரின் சம்பளம் அதிலும் சேவைப் பகுதியில் இருக்காது, முதன்மை வருமானத்தில், அதாவது சம்பளம், வட்டி, ஈவுத்தொகை போன்றவை வரும் பகுதியில் இருக்கும், அங்கே தேடுங்கள்.