கண்காணிப்பின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டிஸ்டோப்பியா நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே கட்சி ஆளும், பத்து லட்சம் பேர் வாழும் ஒரு நகரம். தெருவெல்லாம் கேமரா, கையில் சிப், வானத்தில் டிரோன், மனதில் ஓடுவதைப் படிக்கும் கருவி என்று எல்லாம் வைத்துவிட்டேன். மக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கதாநாயகன் 7714. முதல் வரைவைப் படித்த நண்பர்கள் மூவரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "பயமே வரலை. போலீஸ் சீரியல் பார்க்கிற மாதிரி இருக்கு." இன்னும் என்ன தொழில்நுட்பத்தைச் சேர்த்தால் அந்த மூச்சுமுட்டல் வரும்? மனிதர்கள் தங்கள் தனித்தன்மையை இழப்பதை எப்படிக் காட்டுவது? கடைசியில் 7714 தோற்றுத்தான் ஆக வேண்டுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எதையும் சேர்க்காதீர்கள். இருப்பதில் பாதியை எடுத்துவிடுங்கள். முதலில் அந்த மனதைப் படிக்கும் கருவியை எடுங்கள். அது இருக்கும்வரை 7714க்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அவனால் ஒளிக்க முடியாது, நடிக்க முடியாது. யாரை நம்பலாம் என்று யோசிக்க வேண்டிய தேவைகூட இல்லை. பார்க்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் தவிக்கும்போதுதான் பயம் வரும். அந்தத் தவிப்பு வர வேண்டுமென்றால் அரசின் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்க வேண்டும். அந்த எல்லை எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், 7714க்குத் தெரியக் கூடாது.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலுக்குள் வரும் தடைசெய்யப்பட்ட புத்தகம், கதை நடக்கும் ஓஷியானியா நாட்டின் மக்கள்தொகையைப் பிரித்துச் சொல்கிறது. ஆளும் கட்சியின் உச்சியில் இருக்கும் உட்கட்சிக்காரர்கள் 60 லட்சம் பேர், அதாவது மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பாமர உழைப்பாளிகள் 85 சதவீதம். ஆளைப் பார்க்கவும் கேட்கவும் செய்யும் டெலிஸ்கிரீன் என்ற சுவர்த்திரை அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிடையாது. மீதி, கட்சியின் கீழ்த்தட்டான வெளிக்கட்சி, சுமார் 13 சதவீதம், கிட்டத்தட்ட 4 கோடிப் பேர். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் அதில் ஒருவன். இந்த 4 கோடிப் பேரைப் பத்துப் பேருக்கு ஒரு பார்வையாளர் வீதம், மூன்று ஷிஃப்டில் நாள் முழுக்கப் பார்ப்பதென்றால் 1 கோடியே 20 லட்சம் பேர் வேண்டும். ஒட்டுமொத்த உட்கட்சியைப் போல இரண்டு மடங்கு. நடக்கிற காரியமில்லை. அந்த அரசு நடத்துவது பார்ப்பதை வைத்து இல்லை, எந்த நேரமும் பார்க்கக்கூடும் என்ற நினைப்பை வைத்து. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1791இல் வெளியிட்ட வட்டச் சிறைச்சாலைத் திட்டத்திலும் இதுதான் அடிப்படை: நடுக் கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியக் கூடாது.

இந்தக் கணக்கை ஆர்வெல் எப்படிக் காட்சியாக்குகிறார் என்று பாருங்கள். வின்ஸ்டன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுவதில்லை. பகலில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் டெலிஸ்கிரீன் பேசிக்கொண்டே இருக்கிறது. எதற்குப் பணம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது முதல் பக்கத்திலேயே விளங்கிவிடுகிறது. அந்தத் திரை வின்ஸ்டனை நேராகக் கூப்பிடுவது, கைதுக்கு முன்பு, அன்றாட வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். காலை உடற்பயிற்சியில் அவன் சரியாகக் குனியவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் அவன் எண்ணையும் பெயரையும் சொல்லி, இன்னும் குனியச் சொல்கிறாள். அவ்வளவுதான். மிச்சப் பக்கங்கள் முழுவதற்கும் அந்த ஒரு அதட்டல் போதுமானதாக இருக்கிறது. உங்கள் வரைவில் 7714ஐ எட்டு இடங்களில் டிரோன் துரத்துகிறது என்றால் இரண்டாவது முறையிலேயே வாசகர் பழகிவிடுவார்.

இன்னொன்று, சந்து. வின்ஸ்டன் அறையில் திரையின் பார்வைக்கு எட்டாத ஒரு ஒதுக்குப்புறம் இருக்கிறது, புத்தக அலமாரிக்கென்று விட்ட இடமாக இருக்கலாம். அங்கே உட்கார்ந்துதான் அவன் டயரி எழுதுகிறான். வெளியே போகும்போது, யாராவது எடுத்தால் தெரிய வேண்டுமென்று டயரி அட்டையின் மூலையில் வெள்ளைத் தூசித் துணுக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போகிறான்.  ஏழு வருடங்களாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டயரியின் மேல் இருந்த அந்தத் தூசியைக்கூடப் பத்திரமாகத் திருப்பி வைத்தார்கள் என்பது கைதுக்குப் பிறகுதான் தெரிகிறது. ஒரு தூசிக்கு இவ்வளவு கனம் வந்ததற்குக் காரணம், அதுவரை அது அவனுடைய நிம்மதியாக இருந்ததுதான். 7714க்கும் ஒரு சந்து கொடுங்கள். அது பத்திரமானது என்று வாசகரையும் நம்ப வையுங்கள்.

"இப்போது பார்ப்பது இயந்திரம்தானே, ஷிஃப்ட் எதற்கு?" என்று கேட்பீர்கள். இயந்திரம் பார்க்கும், ஆனால் முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் கேமரா ஆயிரத்தில் ஒரு முறைதான் தவறு செய்யும் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேரை நாளுக்கு ஒரு முறை சோதித்தாலே ஆயிரம் பேர் தினமும் தவறாகச் சிக்குவார்கள். அந்த ஆயிரத்தை யார் சரிபார்ப்பது? சரிபார்க்க நேரமில்லாத அதிகாரி என்ன செய்வார்? உங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு வேண்டிய கதை அங்கே இருக்கிறது.

அடுத்தது ஆட்கள். இங்கே கற்பனையைவிடக் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசி உங்களுக்கு அதிகம் உதவும். 1989இல் அதற்குச் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். நாட்டின் மக்கள்தொகை 1 கோடியே 64 லட்சம். அதாவது 180 பேருக்கு ஒருவர். இது போக 1,70,000 முதல் 1,90,000 வரை ரகசியத் தகவலாளிகள். உங்கள் பத்து லட்சம் நகரத்துக்கு இதே விகிதத்தைப் போட்டால் 5,500 அதிகாரிகள், சுமார் 11,000 தகவலாளிகள். 7714இன் குடியிருப்பில் 90 பேர் இருந்தால் அதில் ஒருவர் தகவலாளி. யார் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள், நாவலில் சொல்லாதீர்கள்.

ஒருவர் எப்படித் தகவலாளி ஆகிறார் என்பதையும் கண்முன் நிறுத்துங்கள். ஸ்டாசியில் பெரும்பாலும் ஆளைத் தன் கையாலேயே உறுதிமொழி எழுதச் சொல்வார்கள், புனைபெயரையும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். தன் கையெழுத்தில் எழுதியதும், தனக்கு ஒரு பெயர் சூட்டிக்கொண்டதும், அந்த வேலை பாதி அவருடையதாகிவிடுகிறது. பிறகு சந்திப்பெல்லாம் யாரோ ஒருவர் வீட்டில், அதற்கென்று ஒதுக்கிய அறையில் நடக்கும். காரணங்கள் பலவகை: சிலருக்குக் கொள்கை, சிலருக்குப் பதவி உயர்வு, சிலருக்கு ஏதோ ஒரு பழைய தவறு அதிகாரியின் கையில் இருக்கிறது. சொன்னதை அதிகாரி எழுதி, தட்டச்சாகி, கோப்பில் சேர்ந்து, மேலே போய், ஒரு முடிவு வருவதற்குள் நாள் கணக்கில் ஆகும். ஒட்டுக்கேட்ட டேப் என்றால் இன்னும் மோசம், ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கடைசியில் 111 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோப்புகள் சேர்ந்தன, அதில் பெருமளவு அன்றாடச் சில்லறை விஷயங்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு 1989இல் தன் நாடே சரிவதை அந்த அமைப்பால் தடுக்க முடியவில்லை. இந்தத் தாமதமும் குப்பையும் உங்கள் நாவலுக்குள் வரட்டும். ஒரு வாரம் முன்பு சொன்ன வாக்கியத்துக்கு இன்று கதவு தட்டப்படுவது, சொன்ன உடனே சைரன் ஒலிப்பதைவிடக் கொடுமை.

1976 ஜனவரியில் ஸ்டாசி வெளியிட்ட 1/76ஆம் எண் வழிகாட்டுதலையும் கவனியுங்கள். எதிர்ப்பாளர்களைக் கைது செய்யாமல் உள்ளுக்குள்ளேயே சிதைப்பது எப்படி என்று அது சொல்கிறது. ஒருவரைப் பற்றி, சரிபார்த்தால் உண்மை என்று தெரியக்கூடிய செய்தியோடு பொய்யான, ஆனால் நம்பும்படியான செய்தியைக் கலந்து பரப்பு. வேலையிலும் உறவிலும் தொடர்ந்து தோல்விகளை ஏற்பாடு செய், அவருக்குத் தன்மீதே நம்பிக்கை போகட்டும். நண்பர்களிடையே சந்தேகத்தை மூட்டு. தனித்தன்மையை அழிப்பது என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிடத் துல்லியமான செய்முறையை நான் எந்த நாவலிலும் பார்த்ததில்லை. பாதிக்கப்பட்டவருக்குத் தன்னை யாரோ சிதைக்கிறார்கள் என்பதே தெரியாது. தான்தான் உதவாக்கரை என்று நினைத்துக்கொள்வார்.

இனி எண்கள். 7714 என்று கூப்பிட்டுவிட்டால் தனித்தன்மை போய்விடாது. ரஷ்ய எழுத்தாளர் ஜம்யாதின் 1920–21இல் எழுதிய ‘நாம்’ நாவலில் எல்லோருக்கும் எண்தான், ஆனால் யாரையும் யாரோடும் குழப்பிக்கொள்ள முடியாது. கதைசொல்லி டி-503 ஒரு கணித மனிதன். பள்ளிக்கூடத்தில் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அது அவனை உறுத்துகிறது. தன் கைகளில் அடர்ந்திருக்கும் ரோமத்தைக் கண்டு கூசுகிறான். ஓ-90 என்ற பெண், தாயாவதற்கு அரசு விதித்த உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் குள்ளம், அதனால் பிள்ளை பெற அனுமதி இல்லை. அரசு அளந்த அளவில் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருப்பது எதுவோ அதில்தான் ஆள் இருக்கிறார். 7714க்கு எது துருத்துகிறது? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

ஜம்யாதினிடம் கற்க வேண்டிய பெரிய விஷயம் வேறு. அந்த நகரத்தில் வீடுகள் கண்ணாடியால் ஆனவை. ஜன்னல் திரையை இறக்க, உடலுறவுக்கென்று ஒதுக்கிய நாளில், சீட்டைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். சொந்த நேரம் நாளுக்கு இரண்டு மணி, மாலை 4 முதல் 5, இரவு 9 முதல் 10. ஒரு வாய் உணவை ஐம்பது முறை மெல்ல வேண்டும். வரும் கடிதத்தை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண் படித்துவிட்டுத்தான் கொடுப்பாள். இதையெல்லாம் டி-503 குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகச் சொல்கிறான். திரைச்சீலை போட்டு வாழ்ந்த பழங்கால மக்களைப் பார்த்து இரக்கப்படுகிறான். நாற்பது குறிப்புகள் கொண்ட அந்த நாவலில் அவனுக்குள் கற்பனை முளைக்க முளைக்க வாக்கியங்கள் தடுமாறுகின்றன, பாதியில் அறுகின்றன, உவமைகள் பொங்குகின்றன. கடைசிக் குறிப்பில், கற்பனையை அகற்றும் அறுவைக்குப் பிறகு, மறுபடியும் எல்லா வாக்கியமும் நேராக நிற்கிறது. தான் நேசித்த பெண் வதைபடுவதை அதே நேரான வாக்கியங்களில் எழுதுகிறான். ஒரு மனிதன் போய்விட்டான் என்பதை மொழியின் நடையே காட்டிவிடுகிறது. 7714 முதல் பக்கத்திலிருந்தே "இந்தக் கொடுங்கோல் அரசு" என்று பேசுகிறான் என்றால் அதை மாற்றுங்கள். அவனை அந்த அரசின் பிள்ளையாக்குங்கள்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கணவனும் மனைவியும் இரவு சாப்பிடும் காட்சியை ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். கவலையில்லாமல் பேசட்டும். அதே காட்சியை, அறையில் ஒட்டுக்கேட்பு இருப்பது இருவருக்கும் தெரியும் என்று வைத்து இரண்டாம் முறை எழுதுங்கள். மூன்றாம் முறை, இருக்கிறதா என்று தெரியாது, எதிரே இருப்பவர் யாரிடமாவது சொல்கிறாரா என்பதும் தெரியாது. இரண்டாவதில் அவர்கள் ஒரு அணியாக இருப்பார்கள், கண்ணாலும் கையாலும் பேசிக்கொள்வார்கள். மூன்றாவதில் குழம்பு, மழை, தூக்கம் என்று பேச்சு சுருங்கும். மூன்று பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, முதலில் இருந்து மூன்றாவதில் காணாமல்போன வார்த்தைகளைப் பட்டியல் போடுங்கள். உங்கள் நாவல் அந்தப் பட்டியலைப் பற்றியது.

இரண்டாவது வகைக்கு ஓர் உண்மை நிகழ்வு இருக்கிறது. லெனின்கிராடில் ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா, மகன் சிறையில் இருந்த காலத்தில், ‘ரெக்வியம்’ கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். சுவரை நம்ப முடியாது. தோழி லிதியா சுகோவ்ஸ்கயா வந்தால், "தேநீர் குடிக்கிறீர்களா?" என்பது போல ஏதாவது சத்தமாகக் கேட்டபடியே ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் வேகமாக எழுதி நீட்டுவார். தோழி வாசித்து மனப்பாடம் செய்துகொண்டு தாளைத் திருப்பிக் கொடுப்பார். "இந்த வருஷம் இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துவிட்டது" என்று மறுபடி சத்தமாகப் பேசிக்கொண்டே அக்மதோவா தீக்குச்சியைக் கிழித்து, சாம்பல் கிண்ணத்தின் மேல் அதை எரிப்பார். ஒலியில் ஒரு பேச்சு, தாளில் இன்னொன்று. கேட்பவருக்குக் கிடைத்தது வானிலை மட்டும். அந்தக் கவிதைகள் 1963இல் முனிக்கில்தான் முதலில் அச்சேறின, சோவியத்தில் 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு காட்சி எழுத உங்களுக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படாது. ஒரு மேசை, ஒரு பென்சில், சத்தமாகச் சொல்ல ஒரு வெற்று வாக்கியம் போதும்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோற்றே ஆக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. டி-503 தோற்கிறான், ஆனால் ஓ-90 வயிற்றுப் பிள்ளையோடு, நகரத்தைச் சூழ்ந்த பச்சைச் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறாள். நகரத்தின் மேற்குப் பகுதியில் கலகம் அடங்கவில்லை. ‘1984’இன் பின்னிணைப்பு அந்த ஆட்சியின் மொழியை இறந்தகாலத்தில் விவரிக்கிறது, அதை எழுதுபவர் அந்த ஆட்சிக்குப் பிந்தையவர் என்று வாசிக்க இடமிருக்கிறது. நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். முதலில் அந்த 90 பேர் குடியிருப்பில் தகவலாளி யார், அவர் எதற்காக ஒப்புக்கொண்டார், அதிகாரியிடம் எதை மட்டும் சொல்லாமல் விட்டார் என்று மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள். அது நாவலில் இடம்பெற வேண்டியதில்லை. 7714 தப்புவானா என்பது அந்த மூன்றாவது கேள்வியின் பதிலைப் பொறுத்தது.