கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்கிறதா? முதலில் பெடலைப் பாருங்கள்

மாருதி 800-இல் பிளேட் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே மறுபடி சிலிப் ஆகிறது (பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது), பெடலைச் சரிசெய்தால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெடல் அளவு தவறியதுதான் காரணம் என்றால் நிற்கும்.

பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் சற்றுத் தூரம் லேசாக இறங்கி, பிறகுதான் கனமாக வேண்டும். அந்த லேசான இடம்தான் ஃப்ரீ பிளே. பெடலிலிருந்து கிளட்சைக் கேபிள் இழுக்கும் பல வண்டிகளில் 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும்; உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவே முடிவானது.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி அதிகரிக்காது, குறையும். பிளேட் மெலிந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற ஸ்பிரிங் முனைகள், பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நகர்ந்துவிடும். இடைவெளி முழுதும் போனால், நீங்கள் கால் வைக்காமலே பேரிங் அழுத்திக்கொண்டிருக்கும். பிடிப்பு தளரும், பிளேட் வழுக்கிச் சூடேறும், பிறகு தேய்மானம் வேகமெடுக்கும். பெடல்மேல் காலை ஓய்வாக வைத்து ஓட்டுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தினால் இடைவெளி கூடும், இறுக்கினால் குறையும். அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பெடலை அளந்து பாருங்கள். அதிகம் தளர்த்தினால் கிளட்ச் முழுதாக விடாது. ரிவர்ஸ் போடும்போது கரகரக்கும். கேபிளில் கம்பி இழை பிரிந்திருந்தால் சரிசெய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். அதில் அந்தத் திரவத்தின் அளவைக் கவனித்தால் போதும்.