கிளி மூக்கு வைத்த மீன்

கேள்வி: காரைக்குடிச் சந்தையில் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த மீன்களுக்கு நடுவே பச்சையும் நீலமுமாக, கிளி மூக்கோடு ஒன்று கிடந்தது. "கிளிமீன் ஆச்சி, பவளப்பாறையைக் கடிச்சுத் தின்னும்" என்றார் மீன்காரர். பாறையையே தின்றால் பாறை அழிந்துவிடாதா? (ஒரு வாசகி, கோட்டையூர்)

பதில்: நியாயமான சந்தேகம்தான் ஆச்சி. சில பெரிய இனங்கள் உயிருள்ள பவளத்தையும் கொஞ்சம் கடிக்கும், மறைப்பானேன். ஆனால் பெரும்பாலும் அவை சுரண்டுவது செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியையும் அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களையும்தான். வளவு முற்றத்தை ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்க்காமல் விட்டால் எப்படி இருக்கும்? அங்கேயும் அதே கதை. பவளக் குஞ்சுகள் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளத் துப்புரவான கல் வேண்டும், பாசி மூடிவிட்டால் இடம் கிடையாது. 1983-84இல் கரீபியக் கடலில் பாசி மேயும் கடல் முள்ளெலிகள் (உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடலுயிர்கள்) நோய் வந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. மேயும் மீன்களையும் ஏற்கெனவே அரித்துப் பிடித்துவிட்டிருந்த ஜமைக்காவில் பாறைகளைப் பாசி அப்படியே போர்த்திவிட்டது. பாசி மேய ஆள் வேண்டுமே என்று, 2009இல் அதே கரீபியக் கடலோரத்துப் பெலீஸ் நாடு கிளிமீன் பிடிக்கவே தடை போட்டது.

சரி, கடித்த கல் எங்கே போகிறது? தொண்டைக்குள் இன்னொரு பல்வரிசை இருக்கிறது, நம் திருகை மாதிரி. கல்லை மாவாக அரைத்து, பின்பக்கமாக வெள்ளை மணலாக விட்டுவிடும். பெரிய மீன் ஒன்று வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். மாலத்தீவுக் கடற்கரை மணலில் இதன் பங்கு பெரிது. (தேனிலவுக்குப் போய்வந்தவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.)

பாறையை உண்மையில் தின்று தீர்த்தது நாம்தான். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளத்தை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் 2 கடலுக்குள் போய்விட்டன.

நீங்கள் அந்த மீனை வாங்கினீர்களோ என்னவோ, நானாக இருந்தால் சங்கரா வாங்கியிருப்பேன். குழம்புக்கும் அதுதான் ருசி.

கேள்வி: மீன் தூங்குமா? (ஒரு மாணவர், பள்ளத்தூர்)

பதில்: தூங்கும் தம்பி, இமை இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. மேலே சொன்ன கிளிமீனில் சில இனங்கள் ராத்திரியானால் வாய்வழியாகக் கோழையைக் கசியவிட்டு, உடம்பைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பை கட்டிக்கொண்டு உள்ளே படுத்துக்கொள்ளும். எதற்கென்று பார்க்க ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சில மீன்களின் பையைக் கழற்றிவிட்டார்கள், ரத்தம் குடிக்கும் குட்டிப் பூச்சிகள் வந்து மொய்த்துவிட்டன. கொசுவலைதான். என்ன, காலையில் மடித்து வைக்கச் சொல்லி அதை யாரும் திட்டுவதில்லை.