பேக் பண்ணிய சேலை தறியில் எப்படி இருக்கும்?

அன்புள்ள அக்காவுக்கு,

என் நாத்தனாருக்கு அடுத்த மாதம் 9-ம் தேதி வளைகாப்பு. தாய்வீட்டுச் சீரில் வைப்பதற்காக இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் பார்த்து, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட பட்டுச் சேலை ஒன்று எடுத்தேன். 6,200 ரூபாய். 3-ம் தேதி முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். "10 நாள்ல கைக்கு வந்துடும் சிஸ்" என்றார் விற்பவர். இன்றோடு 23 நாள். முதல் தடவை கேட்டதற்கு "பேக் பண்ணியாச்சு, நாளைக்கு டிஸ்பாட்ச்" என்றார். அடுத்து "நெசவாளர் பக்கம் செம மழை சிஸ்" என்றார். அப்புறம் ஒரு டிராக்கிங் நம்பர் வந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் நான்கு நாளாக ஒரே வரிதான் நிற்கிறது (ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்). நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆனால் ஸ்டோரியில் தினமும் புதுச் சேலை போடுகிறார். மாமியார் காலையில் எழுந்ததும் "சேலை வந்துச்சா" என்கிறார். கணவர் "கடையில போய் எடுத்தா என்னவாம்" என்று ஆரம்பித்துவிட்டார். காட்டமாகக் கேட்டால் பணமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. காத்திருக்கவா, புகார் கொடுக்கவா?

பெயர் வேண்டாம், கரூர்.

கரூர் தங்கைக்கு,

முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்துவிடுங்கள். கணவர் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. 9-ம் தேதி நாத்தனார் அதை உடுத்த வேண்டும் என்றால் பிளவுஸ் தைக்கவே டெய்லர் ஒரு வாரம் கேட்பார். இன்று சாயங்காலமே அந்த மஞ்சள் சேலை வந்து இறங்கினாலும் நெருக்கடிதான். அதைவிட முக்கியம், வளைகாப்புக்கு அந்தச் சேலைதான் என்று நீங்கள் காத்திருக்கும்வரை விற்பவரிடம் கெஞ்சிக்கொண்டேதான் இருப்பீர்கள். வேறு சேலை பீரோவுக்குள் போய்விட்டால் மிச்சம் இருப்பது 6,200 ரூபாய்க் கணக்கு மட்டும். கணக்கைக் கூச்சப்படாமல் பேசலாம்.

இனி அவர் சொன்ன பதில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் பேக் பண்ணியாச்சு. அப்புறம் நெசவாளர் பக்கம் மழை. பேக் பண்ணிய சேலை தறியில் எப்படி இருக்கும்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். என் கணிப்பில், சேலை அவர் கையில் இருந்ததே இல்லை.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் தெரிந்தால் உங்களுக்கே புரியும். இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பலர் வீட்டில் ஸ்டாக் வைப்பதில்லை. சேலம் பக்கம் இளம்பிள்ளை மாதிரி ஊர்களில் இருக்கும் மொத்த வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் படங்களைப் போடுவார்கள். ரீசெல்லர்கள் அதே படத்தை எடுத்து, தங்கள் லாபத்தை மேலே வைத்து, தங்கள் பக்கத்தில் போடுவார்கள். உங்கள் பணம் வந்த பிறகுதான் அவர் மேலே பணம் கட்டுவார். பார்சல் பல சமயம் மொத்த வியாபாரியிடமிருந்தே நேராக உங்கள் வீட்டுக்கு, ரீசெல்லர் பெயரைத் தாங்கி வரும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எத்தனையோ பெண்கள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இப்படித்தான் நேர்மையாகச் சம்பாதிக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், ஒரே படம் ஏகப்பட்ட பக்கங்களில் சுற்றும். மேலே ஸ்டாக் தீர்ந்தது கீழே இருப்பவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். அப்போது பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அந்தப் பணத்தை அதற்குள் வேறு ஒருவருடைய ஆர்டருக்குக் கட்டியிருப்பார். அடுத்த சேலை விற்றால்தான் உங்களுக்குத் திருப்ப முடியும். அதனால்தான் உங்களுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லாதவருக்கு ஸ்டோரி போட நேரம் இருக்கிறது.

மழையை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளவும் முடியாது. குழித்தறியில் நெய்கிறவர் கால் வைக்கும் குழியில் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறிவிடும். பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி போட்டு உலர்த்த வெயில் வேண்டும். உண்மையாகவே ஆர்டரின்பேரில் நெய்து வாங்குபவர் என்றால் இதை முதலிலேயே சொல்லியிருப்பார், 10 நாள் என்று வாக்குக் கொடுத்திருக்க மாட்டார்.

டிராக்கிங் நம்பருக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது, லேபிள் தயார், பார்சல் இன்னும் எடுக்கப்படவில்லை என்ற வரி. கூரியர் ஆப்பில் உங்கள் முகவரியைத் தட்டினாலே நம்பர் விழுந்துவிடும். பார்சல் அலமாரியில் இருக்கலாம், பார்சல் என்றே ஒன்று இல்லாமலும் இருக்கலாம். கூரியர்காரர் வந்து வாங்கி ஸ்கேன் செய்தால்தான் அடுத்த வரி விழும். நம்பர் வந்ததுமே பார்சல் கிளம்பிவிட்டது என்று நம்மில் பலரும் நிம்மதியாகிவிடுகிறோம். தபால் துறையின் ஸ்பீடு போஸ்ட் நம்பர் கொடுத்திருந்தால் 13 இடம் இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்ற இரண்டு எழுத்து. கவுன்டரில் கொடுத்தவர் கையில் ரசீது இருக்கும், படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். எந்தக் கூரியராக இருந்தாலும், "என் பெயர் தெரிகிற மாதிரி பார்சலை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேளுங்கள். இருக்கிற பார்சல் என்றால் அரை நிமிட வேலை.

இதற்கெல்லாம் முன்னால் உட்கார்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தின் பெயர், விலையோடு சேலைப் படம், "10 நாள்ல" என்று அவர் எழுதிய வரி, ஜிபேயில் யுபிஐ பரிவர்த்தனை எண் (12 இலக்கம்), பணம் போன பெயர். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பக்கத்தின் பெயரை ஒரு நொடியில் மாற்றிவிடலாம், உங்களை பிளாக்கும் செய்யலாம். வாய்ஸ் மெசேஜில் ஏதாவது ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் தனியாகச் சேமித்து வையுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு செய்தி. சேலையும் வேண்டும், பணமும் வேண்டும் என்று கலந்து எழுதாதீர்கள். எது தனக்குச் சுலபமோ அதற்கு மட்டும் பதில் சொல்லி இன்னும் பத்து நாளை ஓட்டிவிடுவார். ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். நானாக இருந்தால் பணம்தான் கேட்பேன், இப்படி:

"வணக்கம். 3-ம் தேதி 6,200 ரூபாய் அனுப்பி மஞ்சள் அரக்கு சேலை ஆர்டர் செய்தேன். 10 நாள் என்றீர்கள், 23 நாள் ஆகிவிட்டது. இந்த ஆர்டரை ரத்து செய்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குள் முழுப் பணத்தையும் அதே ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். இனி பார்சல் அனுப்ப வேண்டாம். பணம் வராவிட்டால் சனிக்கிழமை நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன்."

இதில் "ப்ளீஸ் சிஸ்" இல்லை, வளைகாப்பு இல்லை, மாமியார் இல்லை, திட்டும் இல்லை. கெடுவுக்கு முன்னால் இன்னொரு செய்தி அனுப்பாதீர்கள். "ஹலோ", கேள்விக்குறி, கும்பிடு எமோஜி எதுவும் வேண்டாம்.

காட்டமாகக் கேட்டால் பணம் போய்விடும் என்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு முன்னால் பித்தளை முறுக்கு உரல் ஒன்றுக்கு ஆன்லைனில் 1,850 ரூபாய் கிரெடிட் கார்டில் கட்டினேன். விற்றவர் அவ்வளவு மரியாதை. "மேடம், பாலிஷ் போயிருக்கு", "மேடம், அப்பாவுக்கு உடம்பு சரியில்ல." நானும் மரியாதையாகவே காத்திருந்தேன். தீபாவளி போய், கார்த்திகை போய், பொங்கலும் போனது. பங்குனியில் வங்கிக்கு எழுதினால், தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார்கள். பொருள் வரவில்லை என்று கார்டு பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு கெடு உண்டு, பொதுவாக 120 நாள் கணக்கு. அதைத் தாண்டும்வரை நான் நல்லவளாக இருந்திருக்கிறேன். முறுக்கு உரல் இன்றுவரை வரவில்லை.

உங்களுக்குக் கார்டு வழி இல்லை. யுபிஐயில் நீங்களே பின் போட்டு ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணத்தை வங்கி தானாகப் பிடுங்கித் தராது. ஆகவே வெள்ளிக்கிழமை தாண்டினால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். புகார் எண் தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை விற்றவருக்கு அனுப்பியதுமே பணம் வந்த கதைகள் எனக்கு வரும் கடிதங்களில் உண்டு. உதவி எண்ணில் இருப்பவர்கள் சமரசம் பேசுவார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஆனால் அவருடைய சரியான பெயரும் முகவரியும் வேண்டும், இன்ஸ்டா கடைகளில் பல பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த முறை முழுப் பணம் அனுப்புவதற்கு முன் பில் கேளுங்கள்.

பெரிய ஷாப்பிங் ஆப்பில் வாங்கியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி அந்தத் தளங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்ன தேதிக்குப் பிறகு பொருள் வந்தால், புயல் வெள்ளம் போன்ற காரணம் இருந்தால் தவிர, அங்கே விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவர் பக்கம் காணாமல் போனாலோ, உங்களை பிளாக் செய்தாலோ, அதே ஆள் இன்னும் பலரிடம் வாங்கிக் கம்பி நீட்டியது தெரிந்தாலோ, அது தாமதம் இல்லை, மோசடி. கெடுவை மறந்துவிட்டு அந்த நிமிடமே 1930-க்கு அடியுங்கள், சைபர் குற்ற உதவி எண். வெறும் தாமதத்துக்கு அங்கே போக வேண்டாம்.

அவர் பதிவுகளுக்குக் கீழே கமென்டில் போட்டு நாறடிக்கலாமா என்று தோழிகள் உசுப்பேற்றுவார்கள். கெடு முடிந்த பிறகு, தேதியும் தொகையும் மட்டும் வைத்து நடந்ததை எழுதுவதில் தப்பில்லை. "திருடி" என்று எழுதினால் பேச்சு சேலையை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும். கமென்டைப் பார்த்துவிட்டு யாராவது "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் மேடம்" என்று கூப்பிட்டால் பேச்சை அங்கேயே வெட்டிவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டிய அவசியமே இல்லை. பின் கேட்கிறவர் பணம் எடுக்க வந்தவர்.

மாமியாருக்கு இன்றைக்கே நேராகச் சொல்லிவிடுங்கள்: "அத்தே, அந்தச் சேலை வராது, வேற எடுத்துட்டேன், பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கேன்." தினசரிக் கேள்வி நின்றுவிடும்.

பணம் கேட்ட பிறகு, 8-ம் தேதி சாயங்காலம் பார்சலே வாசலில் வந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது மனசு இளகும். பணம் அதற்குள் திரும்பி வந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வரவில்லை என்றால், வாங்கி, லேபிளிலிருந்து மடிப்பு வரைக்கும் இடைவெளி விடாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அரக்கு பார்டர் அரக்காகவே இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா திருப்புவதா என்று அன்றைக்கே அவருக்கு எழுதிவிடுங்கள்.