கினெக்ட் தோற்றுப்போன பொருளா? கன்ட்ரோலர் இல்லாத வீடியோ கேம் வாங்கலாமா?

"கையில் எதையும் பிடிக்காமல், டிவி முன் நின்று உடம்பை அசைத்தே ஆடும் கினெக்ட் போன்ற கேம்கள் உண்மையில் நன்றாக இருக்குமா? பழைய எக்ஸ்பாக்ஸ் 360 ஒன்று கினெக்டோடு விலைக்கு வருகிறது. வாங்கலாமா, இல்லை அது தோற்றுப்போன பொருளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360இல் இணைத்து டிவி பக்கத்தில் வைக்கும் சென்சார்தான் கினெக்ட். நம் உடல் அசைவைப் பார்த்து அது கேமை நடத்தும்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் செல்போனை வைத்துவிட்டு எழுந்து நின்றாலே போதும் என்று நினைக்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் கினெக்டைத் தோற்றுப்போன பொருள் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

என் தம்பிக்குப் பிறவியிலேயே வலது கையில் விரல்கள் கிடையாது. உள்ளங்கை உண்டு, மணிக்கட்டு நன்றாக மடங்கும், அவ்வளவுதான். எழுதுவதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் அவனே ஒவ்வொரு வழி கண்டுபிடித்துக்கொண்டான். வீடியோ கேமுக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. எந்தக் கன்ட்ரோலரையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல்களும் இரண்டு குமிழ்களின் மேல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல்கள் பின்பக்க விசைகளை அழுத்த வேண்டும். மிச்ச விரல்கள் கருவியைத் தாங்க வேண்டும். விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டில் கூடும்போது அண்ணன்கள் ஆடுவார்கள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது பக்கம் ஒருவன் வருகிறான், பார்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். யாரும் அவனை ஒதுக்கவில்லை. ஆனாலும் அவன் இடம் அதுதான் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

கினெக்ட் 2010 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பெரியப்பா மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஒன்றைக் கொண்டுவந்தான். கினெக்ட் ஸ்போர்ட்ஸ் என்ற கேமில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் இருக்கிறது. எந்தக் கையால் உருட்டப் போகிறோமோ அந்தக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பந்து கைக்கு வரும். தம்பி எதற்கும் முதலில் இடது கையைத்தான் நீட்டுவான். அன்றைக்கு வலது கையை நீட்டினான். பந்து வந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் வீசி, முன்னால் ஓரடி வைத்து உருட்டினான். எத்தனை கட்டைகள் விழுந்தன என்று அவன் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பி, "அக்கா, இதற்கு விரலெல்லாம் தெரியாது போலிருக்கிறது!" என்று கத்தினான்.

அவன் சொன்னது சரிதான். கினெக்ட் அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவி, அவை எப்படி விழுகின்றன என்பதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறது. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தின் நுட்பம் அது. அதிலிருந்து கிடைக்கும் ஆழப் படம் 320க்கு 240 புள்ளிகள்தான். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒரு விரல் அந்தப் படத்தில் இரண்டு மூன்று புள்ளி அகலம் இருந்தால் பெரிது. அந்தப் படத்தைப் பார்த்து இது தலை, இது தோள், இது முழங்கால் என்று பிரித்தறிய மென்பொருளுக்கு ஏராளமான உடல் தோற்றங்களைக் காட்டிப் பழக்கியிருந்தார்கள். கடைசியில் அது கண்டுகொள்வது 20 மூட்டுகளை. அதில் கை என்பது ஒரே ஒரு புள்ளி. எல்லோருக்கும் ஒரு புள்ளி, என் தம்பிக்கும் ஒரு புள்ளி.

"விரலைக்கூடப் பார்க்கத் தெரியாத கருவி" என்று இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள். குறைதான், மறுக்கவில்லை. அந்தக் குறையால்தான் என் தம்பி முதல்முறையாக அண்ணன்களோடு சமமாக நின்று ஆடினான், அவர்களில் இரண்டு பேரைத் தோற்கடிக்கவும் செய்தான்.

2013இல், 360க்கு அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த இரண்டாவது கினெக்ட் எல்லா வகையிலும் மேம்பட்டது. கை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றுகூட அதற்குத் தெரியும். அதனால் திரையை நகர்த்தக் கையை முஷ்டியாக மூடிப் பற்றி இழுக்க வேண்டும் என்று வைத்தார்கள். விரல் இல்லாதவன் எதை மூடுவான்? கையைக் காட்டிச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் போதும் என்ற பழைய முறையே அவனுக்கு ஏற்றது.

தீவிரமாக கேம் ஆடுபவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வதும் உண்மைதான். நீங்கள் கையை அசைப்பதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதம் இருக்கும். பௌலிங்கில் அது உறைக்காது, டேபிள் டென்னிசில் உறைக்கும். பந்து மட்டையில் பட்ட அதிர்வு கைக்கு வராது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நடப்பது. டிவியைப் பார்த்து நான்கு அடி நடந்தால் டிவிமேல் முட்டிக்கொள்வோம். ஆகவே கதாபாத்திரத்தைச் சுதந்திரமாக உலவவிடும் கேம்கள் இதில் சரிப்படவில்லை. பல கேம்களில் தண்டவாளத்தில் போவதுபோல் அது தானாகப் போகும், நாம் குனிவதும் விலகுவதும்தான். 2012இல் கன்ட்ரோலரையும் கினெக்டையும் கலந்து வந்த ஸ்டீல் பெட்டாலியன்: ஹெவி ஆர்மர் என்ற கேம் விமர்சகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது.

ஆக, ஏற்கெனவே கன்ட்ரோலரில் கைதேர்ந்தவருக்கு இதில் கிடைப்பதைவிட இழப்பது அதிகம். கன்ட்ரோலரையே தொடாதவருக்கு இழக்க ஒன்றுமில்லை. எங்கள் சித்தி ஒரு பொத்தானையும் அழுத்தியதில்லை, ஆனால் யாரும் சொல்லித்தராமலே பந்தை உருட்டினார். புடவையில் கால்கள் இரண்டும் ஒரே திரளாகத் தெரிவதால் குதிக்கும் கேம்கள் மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. மறுநாள் சுடிதாரில் வந்து நின்றார், சரியாகிவிட்டது.

முதல் 60 நாட்களிலேயே 80 லட்சம் விற்ற பொருள் இது. சித்தியைப் போன்றவர்கள் வாங்கிக்கொண்டிருந்த ஒன்றை, எக்ஸ்பாக்ஸ் ஒன் வாங்கும் எல்லோர் தலையிலும் மைக்ரோசாஃப்ட்காரர்கள் கட்டினார்கள். அதனால் அதன் விலை 499 டாலர் ஆனது, போட்டியான பிளேஸ்டேஷன் 4 வந்ததோ 399 டாலருக்கு. 2014 ஜூனில் கினெக்டைக் கழற்றிவிட்டு விலையைக் குறைத்தார்கள், 2017இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். விற்ற விதத்தில் கோளாறு என்றால் ஒப்புக்கொள்வேன். பிரைம்சென்சை 2013இல் ஆப்பிள் வாங்கியதையும், ஐபோன் இன்று புள்ளிகளைத் தூவித்தான் முகத்தை அடையாளம் காண்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பிறகு தோல்வி என்று பேசட்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒருவர் ஆட சென்சாரிலிருந்து 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும். நடுவில் சோபா, டீப்பாய் எதுவும் கூடாது. 8 அடி என்ன பெரிய இடமா என்று நினைப்பீர்கள். எங்கள் அடுக்குமாடி வீட்டை விற்றவர் கொடுத்த வரைபடத்தில் ஹால் 16 அடி. குடிவந்த பிறகு அளந்தால், அதில் சாப்பாட்டு மேசை போடும் இடமும் படுக்கையறைக்குப் போகும் வழியும் சேர்த்திருந்தார்கள். படிக்கட்டுக்கும் லிஃப்டுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே நாற்காலியை நகர்த்த இடமில்லாமல் கட்டித்தருகிறார்கள். கேட்டால் எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள் என்கிறார்கள். கடன் தவணையை மட்டும் நாம் முழு அளவுக்குக் கட்டுகிறோம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் டேப்பைப் பிடித்து அளக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மேற்கு ஜன்னல் இருந்தால் மாலை வெயிலில் திரை போடுங்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால் சென்சாரின் புள்ளிகள் அதில் மூழ்கிவிடும். மேல் மாடியில் இருந்தால் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் குதிப்பார்கள்.

வாங்கும்போது பெட்டி எந்த மாடல் என்று பாருங்கள். 2010 நடுவிலிருந்து வந்த மெலிந்த 360இல் கினெக்டை நேரடியாகச் செருகலாம். அதற்கு முந்தைய தடிமனான மாடல் என்றால் தனி மின்சார அடாப்டர் வேண்டும். அது இல்லாமல் விற்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 360க்கான இணையக் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, ஆகவே டிஸ்க்குகளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள், முக்கியமாக கினெக்ட் ஸ்போர்ட்ஸ். பணம் கொடுப்பதற்கு முன் அவர் வீட்டிலேயே போட்டுக்காட்டச் சொல்லி, நீங்கள் முன்னால் நின்று கையை நீட்டிப் பாருங்கள்.