சக்கர நாற்காலி ஊஞ்சலுக்கு முன் தரையைக் கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. செரிப்ரல் பால்சி, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். எங்கள் வட்டாரத்து விளையாட்டுத் திடலை மாநகர் மன்றம் புதுப்பிக்கப் போகிறதாம். ருக்குன் தெத்தாங்காவில் (அக்கம்பக்கத்தார் சங்கத்தில்) யோசனை கேட்கிறார்கள். நாற்காலியோடு ஏற்றி ஆட்டும் ஊஞ்சல் கேட்கலாமா? அவன் அக்காளும் அங்கேதான் விளையாடுவாள்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கேட்கலாம், ஆனால் பட்டியலில் கடைசியாக.

அந்த ஊஞ்சல் கனத்த இரும்பு மேடை. ஆடும்போது குறுக்கே ஓடுகிற பிள்ளை மேல் பட்டால் காயம் பலமாக இருக்கும். அதனால் சுற்றி வேலி போட்டுப் பூட்டி வைப்பார்கள். சாவி வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கிடைக்க மாட்டார். திறந்தாலும் உங்கள் மகன் வேலிக்குள் தனியாக ஆடுவான், அக்காள் வெளியே நிற்பாள். கூடை ஊஞ்சல் என்றால் இருவரும் சேர்ந்தே படுத்து ஆடலாம். உட்கார்ந்து ஆட, உயர்ந்த முதுகும் தோள்வாரும் உள்ள இருக்கை ஒன்று போதும். எது பொருந்தும் என்று அவனுடைய பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது தரை. மணலில் முன்சக்கரம் புதைந்துவிடும். ரப்பர் ஓடுகள் புதிதாக இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்க, ஓரம் சுருண்டு மேலே எழும்பும், சக்கரம் அதில் இடிக்கும். இணைப்பே இல்லாமல் ஊற்றிப் பரப்பும் ரப்பர் தரைதான் சரி. அதிலும் சிக்கல் உண்டு. ரப்பர் துகளை ஒட்டும் பாலியூரித்தேன் பசை ஈரத்தோடு சேர்ந்தால் நுரைத்துக் குமிழி விடும், மேல் அடுக்கு பிறகு உரிந்து வரும். மதிய மழை தவறாத நம் ஊரில், கூடாரம் போடாமல் ஊற்ற விடாதீர்கள். அடி அடுக்கின் தடிமன், பிள்ளை எவ்வளவு உயரத்திலிருந்து விழக்கூடும் என்பதைப் பொறுத்தது. விழும் அதிர்ச்சியைத் தரை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் 'இஎன் 1177' சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிறம் வெளிர்நிறமாக இருக்கட்டும், கருநிறம் நண்பகலில் வெறுங்காலைச் சுடும். நீர் வடிய 50-க்கு 1 சரிவு வேண்டும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கு முடியும் இடத்திலும்தான் முதலில் தேயும், அங்கே ஒட்டுப்போடுவதையும் பராமரிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து சாய்வுப்பாதை. ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம் என்பது கணக்கு. 90 செ.மீ. உயர மேடைக்கு 10.8 மீட்டர், நடுவில் ஓய்வுத் தளம் வேறு. சிறிய திடலில் இடமெல்லாம் அதற்கே போய்விடும். மேடையை 30 செ.மீ.க்கு இறக்கினால் 3.6 மீட்டரில் முடிந்துவிடும். மணல் மேசை வேண்டுமென்றால், அடியில் முழங்கால் நுழைய 61 செ.மீ. உயர இடைவெளி விடச் சொல்லுங்கள். மூடிய மேசையில் அவன் பக்கவாட்டில் உட்கார்ந்து இடுப்பைத் திருப்பியே விளையாட வேண்டியிருக்கும்.

திடலை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வாசலில் கெட்டுவிடும். கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) நுழையாமல் இருக்க இரும்புத் தடுப்பு வைக்கிறார்கள், அதுவே சக்கர நாற்காலியையும் நிறுத்துகிறது. உண்மையைச் சொன்னால், 90 செ.மீ. இடைவெளியில் நாற்காலி போனால் கப்சாயும் போகும். நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் அகலம் விட்டு, தடுப்புகளை முன்னும் பின்னுமாக வைத்தால் வண்டி வேகமாகப் பாயாது. லொங்காங் (வடிகால்) மூடியின் பிளவு 13 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, பிளவுகள் நாற்காலி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

கூட்டத்தில் யாராவது "ஒரு பிள்ளைக்காகவா?" என்றால், பொது வசதிகளை அணுகும் உரிமையைச் சொல்லும் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவையும், எல்லாரும் அணுகும்படி கட்டுவதற்கான மலேசியத் தரநிலை எம்எஸ் 1184-ஐயும் எடுத்து வையுங்கள். வரைபடத்தை டெண்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள், குத்தகை கொடுத்த பிறகு மாற்றம் கேட்டால் கூடுதல் செலவு என்பார்கள். வேலையை ஒப்படைக்கும் நாளில், மழை விட்டு அரை மணி நேரம் கழித்து, மகனை நாற்காலியில் வைத்து கார் நிறுத்துமிடத்திலிருந்து ஊஞ்சல் வரை தள்ளிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் தேங்கியிருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.