கூந்தன்குளம் நாரைப் படங்களில் வெள்ளை வெளிறிப்போவது பற்றி

வணக்கம் அண்ணாச்சி. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரைப் படங்களில் உடம்பு வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் இருக்கிறது, இறகே தெரியவில்லை, லென்ஸை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கண்ணும் அலகின் ஓரமும் நல்ல கூர்மையாக விழுந்திருக்கின்றன, லென்ஸில் குறையில்லை.

படத்தில் முக்கால்வாசி இடம் பின்னால் இருக்கும் மரத்தின் நிழல். கேமரா மொத்தக் காட்சியையும் சராசரியாக அளந்து, இருட்டு அதிகம் என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அதில் வெள்ளை எரிந்துபோகிறது. கேமரா அளந்த வெளிச்சத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1 வரை இறக்கிப் பாருங்கள். எரிந்த இடத்தை மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையையும் போட்டு வையுங்கள். மினுக்கல் அடங்கும்வரை குறைக்கலாம். அதே நாரை வெளிறிய வானத்தில் பறந்தால் கணக்கு தலைகீழ். பிளஸ் பக்கம் போகாவிட்டால் பறவை கறுத்துவிடும். அப்புறம், நம்ம ஊர் உச்சி வெயிலில் எந்த அமைப்பும் பெரிதாகக் கைகொடுக்காது. காலையிலேயே போய்விடுங்கள்.

வீட்டு ஓடும் கூடும் ஒன்றாகத் தெரியும் மூன்றாவது படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை வெட்டிப் பறவையை மட்டும் பெரிதாக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஊருக்குள்ளேயே பறவைகள் கூடு கட்டுவதும், மக்கள் அவற்றைக் காப்பதும்தான் கூந்தன்குளத்தின் பெருமை. அது அந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. குஞ்சு இருக்கும் கூட்டுக்கு மட்டும் கிட்டப் போகாதீர்கள், ஃபிளாஷும் வேண்டாம்.

ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் பதிந்து வைக்கும் மூலப் படம்) இருந்தால் ஏற்றுங்கள். இறகு எவ்வளவு மீளும் என்று பார்த்துச் சொல்கிறேன்.